ஆதார சட்ஜமும் அதன் உறவுகளும்: கர்நாடக இசையிலக்கணத்தின் அடிப்படைகள்

கர்நாடக இசையின் இலக்கணத்தைத் தொடக்க மாணவருக்கு எடுத்துரைக்கும் நூல்கள் பெரும்பாலும் எண்களோடு தொடங்குகின்றன. ஸ்வரங்கள் 7, ஸ்வரஸ்தானங்கள் 12, சுருதிகள் 22, மேளகர்த்தா ராகங்கள் 72, தாளங்கள் 35 என்று அடுக்கப்படும் இவ்வெண்கள் ஒவ்வொன்றும் தக்க காரணத்தோடு அமைந்தவையே. ஆயினும், காதால் கேட்டு அறிந்தவற்றின் கணக்கு எது, கணிதத்தால் கூடும் என்று காட்டப்பட்ட வாய்ப்புகளின் கணக்கு எது என்று அந்நூல்கள் பிரித்துச் சொல்வதில்லை. ஆகவே மாணவர் எல்லாவற்றையும் ஒரே தரத்தில் வைத்து மனப்பாடம் செய்துவிடுகின்றனர். சுருதி, ஸ்வரம், கமகம், ராகம், தாளம் ஆகிய கூறுகளை ஒருங்கே வைத்து நோக்கும்போது, அவற்றின் அடியில் ஒரே கருத்து ஓடுவது புலப்படுகிறது. இவ்விசையில் எந்த ஒலிக்கும் தனித்த மதிப்பு கிடையாது. அசையாது நிற்கும் ஓர் ஒலியோடு அது கொள்ளும் உறவே அதன் பெயரையும் தகுதியையும் முடிவு செய்கிறது. இதை முதலில் உணர்த்தாத எந்தப் பாடமும் அடித்தளம் இல்லாத பாடமே.

அசையாது நிற்கும் அந்த ஒலிக்கு ஆதார சட்ஜம் என்று பெயர். பாடுபவர் தம் குரல் மேலும் கீழும் தடையின்றிச் சென்றுவரக்கூடிய ஓர் உயரத்தைத் தேர்ந்து, அதைச் சட்ஜமாக நிறுத்திக்கொள்கிறார். அவ்வாறு நிறுத்திய உயரமே அவருடைய சுருதி. ஹார்மோனியத்தின் கட்டைகளைக் கொண்டு அந்த உயரத்தைக் குறிக்கும் வழக்கம் நிலைத்துவிட்டதால், ஒரு கட்டை, ஐந்து கட்டை, ஐந்தரைக் கட்டை என்று வித்துவான்கள் தம் சுருதியைச் சொல்கின்றனர். ஆண்குரலின் ஒரு கட்டைச் சட்ஜம் நொடிக்கு ஏறத்தாழ 131 அதிர்வுகளும், பெண்குரலின் ஐந்து கட்டைச் சட்ஜம் ஏறத்தாழ 196 அதிர்வுகளும் கொண்டவை. இரண்டும் வெவ்வேறு ஒலிகளாயினும் இரண்டின் பெயரும் சட்ஜமே. ஐரோப்பியச் செவ்வியல் இசையில் ஓர் எழுத்துப்பெயர் குறிப்பிட்ட அதிர்வெண்ணோடு பிணைக்கப்பட்டிருக்கிறது; அங்கே வாத்தியங்களை இசைவிக்கும் பொது அளவாக நொடிக்கு 440 அதிர்வுகள் கொண்ட ஒலி ஏற்கப்பட்டுள்ளது. அத்தகைய பொது அளவு கர்நாடக இசைக்குத் தேவைப்படவில்லை. பாடகர் தம் சுருதியை நிறுவிய பின் வயலின், மிருதங்கம், கடம் ஆகிய பக்கவாத்தியங்கள் எல்லாம் அதற்கு இணங்கியே சேர்க்கப்படுகின்றன.

ஆதார சட்ஜத்தை இடைவிடாமல் ஒலிக்கச் செய்வது தம்புரா. அதன் நான்கு தந்திகள் பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம் எனப்படும்; முதலாவது மந்தர பஞ்சமத்திலும், அடுத்த இரண்டு சட்ஜத்திலும், நான்காவது ஒரு ஸ்தாயி கீழிறங்கிய சட்ஜத்திலும் நிறுத்தப்படுகின்றன. ஸ்தாயி என்பது ஒரு சட்ஜத்திலிருந்து அதன் இருமடங்கு அதிர்வுள்ள அடுத்த சட்ஜம் வரையிலான இடைவெளி. பழந்தமிழ் மரபு மெலிவு, சமன், வலிவு என்று குறித்த மூன்று நிலைகளே இன்று மந்தர, மத்ய, தார ஸ்தாயிகள் என வழங்குகின்றன. தம்புராவின் குதிரையின்மேல் தந்திக்கு அடியில் செருகப்படும் மெல்லிய நூலிழைக்கு ஜீவா என்று பெயர். அதைச் சரியான இடத்தில் நகர்த்தி வைக்கும்போது தந்தியின் ஒலி விரிந்து, அதனுள் அடங்கியிருக்கும் மேலதிர்வுகள் தெளிவாக எழுகின்றன. எந்தத் தந்தியும் தன் அடிப்படை அதிர்வோடு அதன் இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து மடங்கு அதிர்வுகளையும் உடன் எழுப்பும் இயல்புடையது. சட்ஜத் தந்தியின் மூன்றாம் மடங்கு பஞ்சமமாகவும், ஐந்தாம் மடங்கு அந்தர காந்தாரமாகவும் கேட்கின்றன. எந்தத் தந்தியும் காந்தாரத்தில் நிறுத்தப்படாத தம்புராவில் காந்தாரம் ஒலிப்பதாகத் தேர்ந்த காதுகள் சொல்வதன் காரணம் இதுவே. ஸ்வரங்களுக்கிடையிலான உறவு மனிதரின் உடன்பாட்டால் மட்டும் ஏற்பட்டதில்லை, ஒலியின் இயற்கையிலேயே அதற்கு வேர் இருக்கிறது என்பதற்கு இதைவிட நேரான சான்று தேவையில்லை. மாணவர் முதல் ஸ்வரத்தைப் பாடுவதற்கு முன்பே இதைக் கேட்கப் பழக்கப்பட வேண்டும்.

ஏழு ஸ்வரங்கள் சட்ஜம், ரிஷபம், காந்தாரம், மத்யமம், பஞ்சமம், தைவதம், நிஷாதம் என்பன. அவற்றின் சுருக்கமே ச ரி க ம ப த நி. சிலப்பதிகாரமும் அதன் உரைகளும் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்ற பெயர்களால் ஏழிசையைச் சொல்கின்றன. நின்ற நரம்பிலிருந்து எண்ணி நான்காவதை நட்பு என்றும் ஐந்தாவதைக் கிளை என்றும் அம்மரபு வகுத்தது, ஸ்வரத்தை உறவாகவே கண்டதற்குத் தெளிவான சான்று. அதிர்வுக் கணக்கில் சட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் உள்ள விகிதம் 2:3. சட்ஜத்துக்கும் சுத்த மத்யமத்துக்கும் உள்ள விகிதம் 3:4. இவ்வளவு சிறிய முழு எண்களால் அமையும் விகிதங்கள் காதுக்கு உறுத்தலின்றிப் பொருந்துகின்றன. சட்ஜமும் பஞ்சமமும் பிரகிருதி ஸ்வரங்கள், அதாவது உயர்ந்தும் தாழ்ந்தும் மாறாதவை. எஞ்சிய ஐந்தும் மாறுபாடு கொள்ளும் விகிருதி ஸ்வரங்கள்.

விகிருதி ஸ்வரங்கள் ஐந்தும் இரண்டிரண்டு இடங்களைப் பெற, மாறாத இரண்டோடு சேர்த்து ஒரு ஸ்தாயியில் 12 ஸ்வரஸ்தானங்கள் அமைகின்றன. ஆனால் அவற்றுக்கு வழங்கும் பெயர்கள் 16. மத்யமம் சுத்தம், பிரதி என்று இரண்டாக நிற்க, ரிஷபம் சுத்தம், சதுஸ்ருதி, ஷட்ஸ்ருதி என்றும், காந்தாரம் சுத்தம், சாதாரணம், அந்தரம் என்றும் மும்மூன்றாகின்றன. தைவதம் ரிஷபத்தைப் போலவே பெயர் பெற, நிஷாதம் சுத்தம், கைசிகி, காகலி எனப்படுகிறது. சதுஸ்ருதி ரிஷபமும் சுத்த காந்தாரமும் ஒரே இடத்தில் நிற்பவை. ஷட்ஸ்ருதி ரிஷபமும் சாதாரண காந்தாரமும் அவ்வாறே. தைவத நிஷாதங்களிலும் இதே நிலை உண்டு. ஓர் இடத்துக்கு இரு பெயர் எதற்கு என்று மாணவர் திகைப்பது இயல்பு. ராகத்தில் அவ்வொலிக்கு முன்னும் பின்னும் நிற்கும் ஸ்வரங்களே அதன் பெயரை முடிவு செய்கின்றன. சுத்த ரிஷபத்துக்கு மேலே காந்தாரமாக நின்று பணியாற்றும்போது சுத்த காந்தாரம் எனப்படும் அதே ஒலி, அந்தர காந்தாரத்துக்குக் கீழே ரிஷபமாக நிற்கும்போது சதுஸ்ருதி ரிஷபம் எனப்படுகிறது.

12 இடங்களுக்கு அப்பால் 22 சுருதிகள் என்ற பழைய கணக்கு ஒன்று உண்டு. இங்கே சுருதி என்பது ஆதார ஒலியைக் குறிக்காமல், காதால் பிரித்தறியத்தக்க நுண்ணிடைவெளியைக் குறிக்கிறது. குரலுக்கு நான்கு, துத்தத்துக்கு நான்கு, கைக்கிளைக்கு மூன்று, உழைக்கு இரண்டு, இளிக்கு நான்கு, விளரிக்கு மூன்று, தாரத்துக்கு இரண்டு என்று தமிழ் மரபு பங்கிட்ட மாத்திரைகளின் கூட்டுத்தொகையும் 22. பரதரின் நாட்டிய சாஸ்திரம் ஸ்வரங்களுக்கு வேறு வகையில் பங்கிட்டாலும் அதன் கூட்டுத்தொகையும் 22. தஞ்சாவூரில் வாழ்ந்த ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலில் இக்கணக்கை மறுத்து, ஸ்தாயியை 24 சம பகுதிகளாகக் கொள்வதே பொருந்தும் என்று விரிவாக வாதிட்டார். விபுலாநந்த அடிகளின் யாழ் நூல் 1947இல் பண்டைய யாழ்களின் அமைப்பிலிருந்து இக்கேள்விகளை வேறொரு வழியில் அணுகியது.

இவ்விவாதம் தீராமல் நீள்வதற்கு எளிய கணித உண்மையொன்று அடியில் இருக்கிறது. சட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்கு ஏறி, அப்பஞ்சமத்தைச் சட்ஜமாக்கி மீண்டும் அதன் பஞ்சமத்துக்கு ஏறி, இவ்வாறு 12 முறை சென்றால், ஏழு ஸ்தாயிகள் மேலுள்ள சட்ஜத்தை அடைய வேண்டும் என்று எதிர்பார்க்கலாம். ஆனால் ஒன்றரையை 12 முறை பெருக்கினால் கிடைப்பது ஏறத்தாழ 129.75, இரண்டை ஏழு முறை பெருக்கினால் கிடைப்பது 128. வட்டம் மூடிக்கொள்வதில்லை, நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்று மேற்பட்ட அளவில் ஒலி மிஞ்சிவிடுகிறது. அந்த மிச்சத்தை எங்கே ஒதுக்குவது என்பதற்கு ஒவ்வோர் இசைமுறையும் ஒவ்வொரு விடை தருகிறது. பியானோவும் ஹார்மோனியமும் மிச்சத்தை 12 இடங்களுக்கும் சமமாகப் பகிர்ந்துவிடுவதால், அவற்றின் அந்தர காந்தாரம் தம்புராவில் தானாக எழும் 5:4 என்ற விகிதத்தைவிடச் சற்று உயர்ந்தே ஒலிக்கிறது. அகில இந்திய வானொலி 1940 முதல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஹார்மோனியத்தை விலக்கி வைத்திருந்ததற்கு, அதன் நிலைத்த ஸ்வரங்கள் இந்திய இசைக்குப் பொருந்தா என்ற கருத்து முக்கியக் காரணமாக இருந்தது. தொடக்க மாணவருக்கு 22ஆ 24ஆ என்ற தீர்ப்பு அவசியமில்லை. தம்புராவோடு காந்தாரத்தைப் பாடி, அது ஒட்டி நிற்கிறதா விலகி நிற்கிறதா என்று கேட்டறியும் திறனே அவசியம். அத்திறன் வாய்த்த பின்பே இந்த எண்கள் அவருக்குப் பொருள் தரும்.

ஸ்வரஸ்தானங்களை இவ்வாறு வரையறுத்தபின், பாடும்போது ஸ்வரங்கள் அவ்விடங்களில் அசையாமல் நிற்பதில்லை என்பதையும் உடனே சொல்லியாக வேண்டும். ஓர் ஒலியை அசைத்தும், வழுக்கியும், அடுத்த ஒலியைத் தொட்டு மீட்டும் பாடுவது கமகம். தோடி ராகத்தின் காந்தாரம் பெயரளவில் சாதாரண காந்தாரம். ஆனால் தோடி பாடுகிறவர் அவ்விடத்தில் குரலை நிறுத்திவிட்டால் தோடி கேட்காது. ரிஷபத்தின் பக்கமாகத் தாழ்ந்தும் மத்யமத்தின் பக்கமாக உயர்ந்தும் ஊசலாடும் அசைவு முழுவதுமே அங்கே காந்தாரம் எனப்படுகிறது. சங்கராபரணத்தின் ஏழு ஸ்வரங்கள் ஐரோப்பிய இசையின் மேஜர் ஸ்கேலின் ஸ்வரங்களே. ஆங்கிலேய மெட்டுகளைக் கேட்ட முத்துசுவாமி தீட்சிதர் அவற்றுக்கு இயற்றிய நோட்டு ஸ்வர சாகித்யங்களையும், சங்கராபரணத்தில் அமைந்த ஒரு கீர்த்தனையையும் அடுத்தடுத்துக் கேட்பவர், ஸ்வரங்கள் அவையே ஆகவும் இசை வேறாகவும் இருப்பதை விளக்கமின்றியே உணர்வர். எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் 1904இல் தெலுங்கில் வெளியிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினி, கமகங்களுக்குத் தனிக் குறியீடுகள் வகுத்து ஸ்வரங்களோடு அச்சிட்டது. எழுத்தால் பிடிக்க அரிதான ஒன்றைப் பிடிக்க மேற்கொள்ளப்பட்ட அம்முயற்சியின் உழைப்பு இன்றும் வியக்கத்தக்கது.

ராகம் என்பதைத் தொடக்க நூல்கள் ஆரோகண அவரோகணங்களால், அதாவது ஸ்வரங்களின் ஏறுவரிசை இறங்குவரிசைகளால் அறிமுகப்படுத்துகின்றன. அதற்கான பெருங்கணக்கு 72 மேளகர்த்தா. ரிஷப காந்தாரங்கள் தம்முள் ஆறு வகையாக இணையும். தைவத நிஷாதங்களும் ஆறு வகையாக இணையும். ஆறை ஆறால் பெருக்கிய 36, சுத்த மத்யமத்தோடு ஒரு முறையும் பிரதி மத்யமத்தோடு ஒரு முறையும் சேர 72 ஆகிறது. 17ஆம் நூற்றாண்டில் தஞ்சை நாயக்கர் அவையைச் சார்ந்திருந்த வேங்கடமகி, சதுர்தண்டிப் பிரகாசிகை என்னும் நூலில் இக்கணக்கை நிறுவினார். தம் காலத்தில் வழங்கிய மேளங்கள் 19 மட்டுமே என்று அவரே காட்டியிருப்பது கருதத்தக்கது. எஞ்சியவை பின்வருவோருக்காகத் திறந்துவைக்கப்பட்ட இடங்கள். அவ்விடங்கள் வெறுமையாகவே கிடக்கவில்லை என்பதற்கு, கோடீசுவர ஐயர் 72 மேளங்களுக்கும் தமிழில் கீர்த்தனைகள் இயற்றியதைச் சுட்டலாம். இன்று வழங்கும் மேளப்பெயர்களின் முதல் இரண்டு எழுத்துகளைக் கடபயாதி முறைப்படி எண்ணாக்கித் திருப்பினால் மேளத்தின் வரிசை எண் கிடைக்கும். மாயாமாளவகௌளையில் மா ஐந்து, யா ஒன்று, திருப்பினால் 15. மேசகல்யாணியில் மே ஐந்து, ச ஆறு, திருப்பினால் 65.

மேளத்தின் ஸ்வரங்களிலிருந்து சிலவற்றை விட்டோ வரிசையை மாற்றியோ அமைவன ஜன்ய ராகங்கள். ஹரிகாம்போதியில் மத்யம நிஷாதங்களை நீக்க மோகனம் கிடைக்கிறது. பிலஹரி ஏறும்போது மோகனத்தைப் போல ஐந்து ஸ்வரங்களோடும், இறங்கும்போது சங்கராபரணத்தைப் போல ஏழு ஸ்வரங்களோடும் செல்கிறது. ஆதார சட்ஜத்தின் ஆட்சியை மிக வலுவாகக் காட்டுவது கிரகபேதம் என்னும் சட்ஜ மாற்றம். பழந்தமிழில் இது பண்ணுப்பெயர்த்தல் எனப்பட்டது. மோகனத்தின் ஐந்து ஒலிகளை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் ரிஷபத்தைச் சட்ஜமாகக் கொண்டால் மத்யமாவதி எழும். காந்தாரத்தைச் சட்ஜமாகக் கொண்டால் இந்தோளம். பஞ்சமத்தைக் கொண்டால் சுத்த சாவேரி. தைவதத்தைக் கொண்டால் சுத்த தன்யாசி. ஒலிகளில் ஒன்றுகூட மாறவில்லை. நிற்கும் இடம் மட்டுமே மாறியது. விடியற்பொழுதின் தெளிவு என்று சொல்லத்தக்க மோகனத்துக்கும் உள்ளொடுங்கிய இந்தோளத்துக்கும் இடையே உள்ள தொலைவு முழுவதையும் அம்மாற்றம் ஒன்றே உண்டாக்கிவிடுகிறது. இதை ஒருமுறை வீணையிலோ வயலினிலோ வாசித்துக் காட்டக் கேட்ட மாணவர், ஸ்வரம் என்பது உறவு என்பதைப் பின்னொரு நாளும் மறப்பதில்லை.

எனினும் ஸ்வர வரிசை ராகத்தின் எல்லையைக் குறிக்குமே ஒழிய அதன் உயிரைக் குறிக்காது. ராகத்தை அடையாளம் காட்டுவன அதற்கே உரிய பிரயோகங்கள், அதாவது வழிவழியாக வந்த சொற்றொடர் போன்ற ஸ்வரச் சேர்க்கைகள். தேவாரப் பண்கள் இவ்வகையில் மிகுந்த பயன் தருவன. மேகராகக் குறிஞ்சியை நீலாம்பரியாகவும் பழந்தக்கராகத்தைச் சுத்த சாவேரியாகவும் ஓதுவார்கள் பாடி வருவதால், ஸ்வர வரிசையை அறியாத கேட்போரும் பாடலைக் கொண்டு ராகத்தை இனங்காண முடிகிறது. ராகத்தை அறிந்துகொள்ளும் வழி பாடல்களைத் திரும்பத் திரும்பக் கேட்பதே என்பதை, ஆரோகண அவரோகணப் பட்டியல்களை மட்டும் மனப்பாடம் செய்விக்கும் தேர்வுமுறை மறந்துவிடுகிறது.

தாளம் காலத்தை அளக்கும் கூறு. சுருதிக்குச் சட்ஜம் எப்படியோ அப்படித் தாளத்துக்குச் சமம் என்னும் முதல் தட்டு. ஆவர்த்தனம் எனப்படும் சுற்று எவ்வளவு சிக்கலாக விரிந்தாலும் அங்கேயே மீள வேண்டும். கையால் போடும் தாளத்தின் உறுப்புகள் பெரும்பாலும் மூன்று. அனுதிருதம் ஒரு தட்டு. திருதம் ஒரு தட்டும் ஒரு வீச்சும். லகு ஒரு தட்டும் சுண்டுவிரலில் தொடங்கும் விரல் எண்ணிக்கையும். லகு மட்டுமே அளவில் மாறுவது. திஸ்ரம் 3, சதுஸ்ரம் 4, கண்டம் 5, மிஸ்ரம் 7, சங்கீர்ணம் 9 என்று அதன் ஜாதிகள் ஐந்து. துருவம், மட்யம், ரூபகம், ஜம்பை, திரிபுடை, அட, ஏகம் என்னும் ஏழு தாளங்களும் ஐந்து ஜாதிகளோடு பெருகி 35 ஆகின்றன. ஒவ்வோர் அட்சரத்தையும், அதாவது ஒவ்வோர் எண்ணிக்கையையும், மூன்றாக, நான்காக, ஐந்தாகப் பகுக்கும் நடைகள் ஐந்தாலும் பெருக்கினால் 175. கச்சேரி மேடையில் கேட்பன இவற்றுள் மிகச் சில. நான்கு, இரண்டு, இரண்டு என எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளம் சதுஸ்ர ஜாதி திரிபுடையே. அதற்கு அடுத்து ரூபகமும், மூன்றும் நான்குமாக ஏழில் நடக்கும் மிஸ்ர சாபுவும், இரண்டும் மூன்றுமாக ஐந்தில் நடக்கும் கண்ட சாபுவும் பெருவழக்கு உடையன. சாபு தாளங்கள் 35இன் கட்டத்துக்குள் அடங்காதவை. அருணகிரிநாதரின் திருப்புகழ்ச் சந்தங்களும் அவ்வாறே அக்கட்டத்தை மீறிச் செல்கின்றன. வழக்கு முந்தியது, வகுப்பு பிந்தியது என்பதை இவை நினைவூட்டுகின்றன. பாடல் சமத்திலேயே தொடங்க வேண்டும் என்பதும் இல்லை. தட்டு விழுந்தபின் அரை இடம் தள்ளியோ ஒன்றரை இடம் தள்ளியோ எடுக்கும் பாடல்கள் பல. அந்த எடுப்பைத் தவறாமல் பிடிக்கப் பழகுவதில்தான் தொடக்க மாணவரின் தாளஞானம் உறுதிப்படுகிறது.

இக்கூறுகளை ஒழுங்குபடுத்திக் கற்பிக்கும் வரிசையைப் புரந்தரதாசர் வகுத்ததாக மரபு போற்றுகிறது. சரளி வரிசை, ஜண்டை வரிசை, தாட்டு வரிசை, அலங்காரம் ஆகியவை மாயாமாளவகௌளையில் அமைகின்றன. அந்த ராகத்தைத் தேர்ந்ததில் ஆழ்ந்த நுட்பம் இருக்கிறது. சட்ஜத்திலிருந்து சுத்த மத்யமம் வரையிலான இடைவெளிகளின் அமைப்பு, பஞ்சமத்திலிருந்து மேல் சட்ஜம் வரை அப்படியே மீண்டும் வருவதால், கீழ்ப்பாதியில் பெற்ற பயிற்சி மேற்பாதிக்கு உதவுகிறது. மிக நெருங்கிய இடைவெளியும் மிக அகன்ற இடைவெளியும் அடுத்தடுத்து நிற்பதால் காது இரண்டையும் ஒருங்கே பழகிக்கொள்கிறது. ஒரே வரிசையை மூன்று காலங்களில், முதற்காலத்தின் இருமடங்காகவும் நான்மடங்காகவும் விரைவுபடுத்திப் பாடுவது, ஸ்வரத்தோடு தாளத்தையும் உடன் கற்பிக்கிறது. ஏழு தாளங்களிலும் அமைந்த அலங்காரங்களுக்குப் பின் கீதமும் ஸ்வரஜதியும் வர, வர்ணத்தில் ராகமும் தாளமும் முழு உருவம் பெறுகின்றன.

ஸ்வரங்களை எழுதிவைக்கும் முயற்சி தமிழகத்தில் மிகப் பழையது. புதுக்கோட்டைக்கு அருகில் குடுமியான்மலையில் உள்ள இசைக் கல்வெட்டு, 7ஆம் நூற்றாண்டை ஒட்டியதாகக் கருதப்படுவது, கிரந்த எழுத்தில் ஸ்வரங்களை நான்கு நான்காகக் கூட்டிப் பொறித்திருக்கிறது. ஒரே ஸ்வரம் உயிரெழுத்து மாறி நான்கு வடிவங்களில் வரும் அதன் முறைக்கு அறிஞர்கள் வெவ்வேறு விளக்கம் தந்துள்ளனர். பாடிய குரலோடு சேர்ந்து கேட்டவர்களுக்கு அக்குறியீடு தெளிவாக இருந்திருக்க வேண்டும். குரல் மறைந்தபின் எழுத்து மட்டும் நின்றது.

பச்சிமிரியம் ஆதியப்பையர் 18ஆம் நூற்றாண்டில் இயற்றிய விரிபோணி என்னும் பைரவி வர்ணம் இதுவரை கூறிய அனைத்தையும் ஒருங்கே கேட்கிறது. அது கண்ட ஜாதி அட தாளத்தில், ஐந்தும் ஐந்தும் இரண்டும் இரண்டுமாக 14 எண்ணிக்கையில் அமைந்தது. பைரவி நடபைரவியின் ஜன்யம். எனினும் ஏறும்போது தாய் மேளத்துக்கு உரியதல்லாத சதுஸ்ருதி தைவதத்தையும், இறங்கும்போது சுத்த தைவதத்தையும் கொள்ளும் பாஷாங்க ராகம். ஸ்வரப்படுத்திய நூல்களில் இரண்டுக்கும் எழுத்து த ஒன்றே. சில பதிப்புகள் புள்ளியோ வேறு குறியோ இட்டு வேறுபடுத்துகின்றன, பல அதையும் செய்வதில்லை. எந்தத் தைவதம் எங்கே விழுகிறது, நிஷாதத்தை நோக்கி எவ்வளவு சாய்கிறது, எங்கே அசைந்து எங்கே நிற்கிறது என்பவற்றை மாணவர் தம்புராவை மீட்டியபடி ஆசிரியர் பாடக் கேட்டு, ஒவ்வோர் ஆவர்த்தனமாகத் திரும்பப் பாடியே பெறுகிறார்.